எம் மோடில் ஷட்டர் ஸ்பீடு மாற்றியும் படத்தின் வெளிச்சம் மாறவில்லை, ஏன்?

கேள்வி:
ஆன்லைன் கோர்ஸில் எக்ஸ்போஷர் பாடம் போய்க்கொண்டிருக்கிறது. எம் மோடில் (மேனுவல்) ஷட்டரை 1/60, 1/125, 1/250 என்று கூட்டினால் படம் படிப்படியாக இருட்டாகும் என்கிறார் ஆசிரியர். எனக்கு மூன்றும் ஒரே வெளிச்சத்தில் வருகின்றன. 1/2000 போனால்தான் இருட்டுகிறது. லென்ஸ் 18-55, எஃப்/3.5-5.6. கேமராவில் கோளாறா?

பதில் 1:
கோளாறு இல்லை, ஆட்டோ ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வைக் கேமராவே கூட்டிக் குறைப்பது) ஆனில் இருக்கிறது. எம் மோடு ஷட்டரையும் அப்பெர்ச்சரையும் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) மட்டும்தான் உங்கள் கையில் தரும். 1/60க்கு ஐஎஸ்ஓ 400 என்றால் 1/125க்கு 800, 1/250க்கு 1600 என்று கேமராவே ஏற்றி, நீங்கள் குறைத்ததை ஈடுகட்டிவிடும். உச்சவரம்பு 6400 என்றிருந்தால் 1/1000லேயே அதைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஏற்ற வழியில்லாததால்தான் 1/2000ல் இருட்டு.

எடுத்த படங்களைத் திறந்து தகவலைப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஐஎஸ்ஓ வேறாக இருக்கும். கேனன் என்றால் ஐஎஸ்ஓவை ஆட்டோவிலிருந்து ஓர் எண்ணுக்கு நகர்த்தினால் போதும். நிக்கானில் எண்ணை மட்டும் மாற்றினால் போதாது; ஐஎஸ்ஓ செட்டிங்ஸுக்குள் போய் ஆட்டோ ஐஎஸ்ஓ கன்ட்ரோலையே ஆஃப் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் வைத்த எண்ணைக் கீழ்வரம்பாக எடுத்துக்கொண்டு ஏற்றத் தொடங்கிவிடும். பாடம் நடத்துகிறவர்கள் முதல் வகுப்பிலேயே சொல்லவேண்டிய விஷயம் இது.

கேட்டவர்:
ஆஃப் செய்ததும் சரியாகிவிட்டது, நன்றி. அடுத்த பயிற்சியில் எஃப்/8 1/60, எஃப்/5.6 1/125, எஃப்/4 1/250 மூன்றும் ஒரே வெளிச்சம் தர வேண்டுமாம். எனக்கு எஃப்/4 வரவே இல்லை, 4.5க்குக் கீழே இறங்க மறுக்கிறது.

பதில் 2:
ஜூம் 35 பக்கம் இருக்கும், பாருங்கள். உங்கள் லென்ஸ் 18ல் எஃப்/3.5 வரை திறக்கும். ஜூம் ஏற ஏற அந்த எல்லை சுருங்கி 55ல் 5.6 ஆகிவிடும். 18ல் வைத்துச் செய்யுங்கள், மூன்று படமும் முடியும்வரை ஜூம் வளையத்தைத் தொடாதீர்கள். 18ல் எஃப்/3.5 வைத்துவிட்டு 55க்குத் திருப்பினால், எம் மோடாக இருந்தாலும் அப்பெர்ச்சர் தானாக 5.6க்குப் போய்விடும். அதிலேயே ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சம் பாதியாவது) மேல் இருட்டு.

பதில் 1:
இன்னொன்று, இந்தப் பயிற்சியை ட்யூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் செய்யாதீர்கள். பல விளக்குகள் நொடிக்கு 100 அல்லது 120 முறை மங்கிப் பிரகாசிக்கும். 1/250 போன்ற வேகத்தில் எந்தக் கணத்தில் ஷட்டர் திறக்கிறது என்பதைப் பொறுத்து வெளிச்சம் கூடும், குறையும். சில சமயம் படத்தில் பட்டையும் விழும். எண்ணெல்லாம் சரியாக வைத்தும் படம் ஒத்துப்போகாது. பகலில் ஜன்னலோரம் ஒரு பொருளை வைத்து, மேகம் குறுக்கிடாத நேரமாகப் பார்த்து எடுங்கள். ஒப்பிடும்போது ஸ்கிரீன் வெளிச்சத்தை நம்பாமல் ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பாருங்கள்: மூன்றிலும் மேடு ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.