புதுப்பிப்பு: நான்கு டிஸ்க், கடைசியில் ரெய்டு 6

போன மாதம் கேட்டிருந்தேனே, வீட்டுச் சேமிப்புப் பெட்டியின் நான்கு 4 டெராபைட் டிஸ்கில் ரெய்டு 5 போடுவதா, 6ஆ, 10ஆ என்று. ரெய்டு என்றால், டிஸ்க் பழுதானாலும் உள்ளிருப்பது பிழைக்கும்படி பல டிஸ்குகளைச் சேர்த்து ஓட்டும் முறை; எண் அதன் வகை. 6 போட்டுவிட்டேன். 5 என்றால் 12 டெராபைட் கிடைத்திருக்கும், இப்போது 8தான். 10 போட்டாலும் அதே 8தான். ஆனால் அதில் டிஸ்குகள் ஒன்றுக்கொன்று நகலாக ஜோடி ஜோடியாக ஓடும்; ஒரே ஜோடியில் இரண்டும் படுத்தால் கதை முடிந்தது. 6 எந்த இரண்டு போனாலும் தாங்கும். எழுதும் வேகம் கொஞ்சம் குறைவு, வீட்டுக்கு அது போதும். நான்கையும் கோலாலம்பூரின் லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் ஒரே நாளில் வாங்கியதால் எனக்கு இந்தப் பயம்: ஒன்று போய், புது டிஸ்கில் எல்லாவற்றையும் மறுபடி எழுதும் ரீபில்ட் ஓடும்போது, அதே வயசுக்காரன் இன்னொருவனும் சாய்ந்தால்?

"ரெய்டு பேக்கப் ஆகாது தம்பி" என்று சொன்ன அண்ணன்மார்களே, ஒப்புக்கொள்கிறேன். போன சனிக்கிழமை மகள் இடம் காலி செய்கிறேன் என்று அப்பாவின் அறுபதாம் கல்யாண ஃபோல்டரையே அழித்துவிட்டாள். நான்கு டிஸ்கிலும் ஒழுங்காக, ஒரே நேரத்தில் அழிந்தது! முந்தின இரவு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையின் பதிவு) இருந்ததால் பிழைத்தேன்.

ஸ்னாப்ஷாட்டும் அதே பெட்டிக்குள்தானே இருக்கிறது. செந்தூலில் சாயங்கால இடி தெரியுமே. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி, யூபிஎஸ், வாங்கியாச்சு. தவிர இரண்டு யூஎஸ்பி டிஸ்க். ஞாயிறுதோறும் ஒன்றில் நகல் எடுத்துக் கழற்றிவிடுவேன், மற்றது கிள்ளானில் அக்கா வீட்டில், மசாலா டப்பாக்களுக்குப் பின்னால். மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்வோம். நேற்று நகலிலிருந்து பத்துப் படங்களைத் திறந்து பார்த்தேன், பத்தும் திறந்தன.