வயோலாவின் அடித் தந்தியில் தோள் ஏறுகிறது: எங்கிருந்து திருத்துவது?

கேள்வி

வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக மேற்கத்திய வயலின் கற்பித்து வருகிறேன். என்னிடம் பயின்ற 15 வயது மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு தன் விருப்பத்தால், வயலினைவிடச் சற்றுப் பெரியதும் தாழ்ந்து ஒலிப்பதுமான வயோலாவுக்கு மாறினாள். விரல்கள் புதிய இடைவெளிகளுக்குப் பழகிவிட்டன. ஆனால் அதன் மிகத் தாழ்ந்த தந்தியான ஸி தந்திக்கு வரும்போதெல்லாம் இடது தோள் காதை நோக்கி ஏறுகிறது, தாடை இறுகுகிறது, ஒலியோ தொண்டை கட்டியது போல வருகிறது. இசையமைப்பாளர் பாக்கின் மூன்றாவது செல்லோ தொகுப்பின் முதல் பகுதியை வயோலாவில் பயிற்சி செய்கிறாள். மேலிருந்து படிப்படியாக இறங்கி அடி ஸியில் வந்து நிற்கும் அதன் தொடக்கமே நாள்தோறும் அங்கே உடைகிறது. "தோளை இறக்கு" என்றால் இறக்குகிறாள், இரண்டு நொடியில் மீண்டும் ஏறிவிடுகிறது. வில்லைத் திருத்துவதா, உடலைத் திருத்துவதா?

மறுமொழி 1

அந்த ஸி திறந்த தந்தி என்பதைக் கவனித்தீர்களா? இடது கை விரல் எதையும் அழுத்தத் தேவையில்லாத இடத்தில் இடது தோள் ஏறுகிறது என்றால், அது விரலின் தேவையால் வந்ததன்று. ஒலி வராதோ என்ற அச்சத்தை உடல் முந்திக்கொண்டு காட்டுகிறது. அந்த அச்சத்துக்குக் காரணமும் உண்டு. வயோலா வயலினைவிட ஒரு பஞ்சமம் தாழ்ந்து ஒலிப்பது. அதற்கேற்ற கருவியுடல் வேண்டுமானால் 14 அங்குல வயலினை ஒன்றரை மடங்காக்கி 21 அங்குலம் செய்ய வேண்டும். அப்படி ஒன்றைத் தோளில் வைக்க முடியாது என்பதால் 15 முதல் 17 அங்குலத்துக்குள் நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே தடித்த ஸி தந்தி தாமதமாகத்தான் பேசும். வயலின் பழக்கத்தில் வில்லை வேகமாக இழுத்தால் அது மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு போகும். வில்லைத் தந்தியில் முதலில் உட்காரவைத்து, கையின் எடை இறங்கியதை அவள் உணர்ந்த பிறகு, மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள்.

வயோலாக் கலைஞர் வில்லியம் பிரிம்ரோஸிடம் பயின்ற கேரன் டட்டில் என்ற அமெரிக்க ஆசிரியை (1920–2010), கழுத்தும் தோளும் தளர்வதையும், அந்த இசைத்தொடரில் மாணவர் உணர்வது என்ன என்பதையும் சேர்த்தே கற்பித்தார். அவ்வழியில் நான் செய்வது ஒன்று: வாசிப்பின் நடுவில், வில்லை நிறுத்தாமல், தலையை லேசாக உயர்த்தி "இல்லை" என்பது போல இருபுறமும் அசைக்கச் சொல்வேன். தலை அசையவில்லை என்றால், அவள் வயோலாவைத் தாங்கவில்லை, தாடையால் கவ்விக்கொண்டிருக்கிறாள் என்று பொருள்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஓர் எச்சரிக்கை. உடல் விழிப்பு என்ற பெயரில் பாதி வகுப்பை மூச்சுப் பயிற்சியிலும் நிற்கும் நிலையிலும் கழிக்கும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை தன் தோளையே கவனித்துக்கொண்டிருக்கிறதே தவிர, ஒலியைக் கேட்பதே இல்லை. முதலில் கருவியின் அளவைப் பாருங்கள். இடது கையை நீட்டிக் கருவியின் தலைச்சுருளை உள்ளங்கையில் ஏந்தும்போது முழங்கை சற்றேனும் மடங்கியிருக்க வேண்டும். விறைத்து நிற்குமானால் கருவி பெரிது, அதற்கு எந்தப் பயிற்சியும் மருந்தாகாது. அடுத்து, ஸி தந்தியில் விரல் வைக்கும் சுரங்களுக்கு இடது முழங்கை கருவியின் அடியில் உள்நோக்கி வர வேண்டும். அது வராதபோதுதான் தோள் அதன் வேலையைச் செய்ய வருகிறது.

மறுமொழி 3

ஒரு சிறு கேள்வி: வயோலாவின் இசைத்தாளில் எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் ஆல்ட்டோ கிளெஃபை அவள் எப்படி வாசிக்கிறாள்? வயலினிலிருந்து வருபவர்கள் பலர், வயலினுக்குரிய டிரெபிள் கிளெஃபில், கையைக் கழுத்தில் மேலே நகர்த்திய மூன்றாம் நிலையில் வாசிப்பதாகப் பாவித்து விரலை வைக்கிறார்கள். நடுக்கோட்டுச் சுரம் அப்போதும் மூன்றாம் விரலில் வந்து விழுவதால் தந்திரம் பலிக்கிறது. ஆனால் சுரத்தின் பெயரும் உயரமும் மனத்தில் பதியாததால், அடுத்து வரும் ஒலியை முன்னரே கேட்க அவளால் முடியாது. அந்த முதல் வரியை வயோலாவைத் தொடாமல் பாடச் சொல்லிப் பாருங்கள். அடி ஸி அவள் குரலுக்கு எட்டாவிட்டால், ஒரு ஸ்தாயி மேலே பாடினால் போதும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. முழங்கை மடங்குகிறது, 15½ அங்குலக் கருவி அவளுக்குப் பொருந்துகிறது. பாடச் சொன்னேன், ஸியை நெருங்குவதற்கு இரண்டு சுரம் முன்பே மூச்சைப் பிடித்துக்கொண்டாள், பாடும்போதும் அதே இடத்தில் தோள் ஏறியது! அங்கே மூச்சை விட்டபடி பாடி, உடனே வாசித்தாள். ஐந்து முறையில் இரண்டு முறை தோள் இறங்கியே இருந்தது. அந்த இரண்டு முறையும் ஒலி நன்றாக இருந்ததை, நான் சொல்லும் முன்பே அவள்தான் கவனித்தாள். தலையை அசைப்பது மட்டும் இன்னும் முடியவில்லை. அடுத்த வாரம் தாடைப்பலகையை மாற்றிப் பார்க்கப் போகிறோம்.