எரித்ரைட் என்று வாங்கிய கல்லில் இரண்டு விதமான சிவப்பு, இரண்டும் ஒன்றுதானா?

கல்பித்தன்:
வணக்கம். கனிமம் சேர்க்கத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. மொராக்கோவின் பூ அஸர் பகுதியில் எடுத்த எரித்ரைட் என்று சொல்லி ஒருவர் விற்ற கல்லைப் போன வாரம் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒரு பக்கம் சாம்பல் நிறப் பாறையின் வெடிப்புக்குள் ஊசி ஊசியாக, விசிறி விரித்த மாதிரி கருஞ்சிவப்புப் படிகங்கள்; விளக்குக்கு எதிரே பிடித்தால் ஓரங்கள் மட்டும் மாதுளை முத்து போல ஒளி விடுகின்றன. மறுபக்கம் வேறு மாதிரி, கற்கண்டைப் பொடித்து ஒட்டியது போல ரோஜா நிறத்தில் ஒரு படலம். விற்றவர் இரண்டுமே எரித்ரைட்தான் என்கிறார், எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்புறம், இதில் ஆர்செனிக் இருக்கிறது என்று படித்தேன். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, வைத்திருக்கலாமா? வெடிப்புகளில் மண்ணும் அடைந்திருக்கிறது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாமா?

பாறைமகள்:
தயவுசெய்து பிரஷ் வேண்டாம்! எரித்ரைட்டின் கடினத்தன்மை பத்து வரை போகும் மோஸ் அளவில் 1.5 முதல் 2.5 வரைதான், நகம் பட்டாலே கீறல் விழும். போதாததற்கு அப்ரகம் மாதிரி ஒரே திசையில் தகடு தகடாகப் பிளந்து வரும். என்னுடைய முதல் எரித்ரைட்டை நானே இப்படிக் கெடுத்திருக்கிறேன். மென்மையான பிரஷ்தானே என்று இரண்டு முறை இழுத்தேன், நடு விசிறியின் நுனி மொத்தமும் பிரஷ் முடியில் பளபளவென்று ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இன்னும் அந்த வெற்றிடத்தைப் பார்த்தால் வலிக்கிறது. கேமரா லென்ஸுக்குக் காற்றடிக்கும் ரப்பர் பந்து இருந்தால் அதை வைத்து ஊதுங்கள். அதில் போகாத மண் அங்கேயே இருக்கட்டும்.

ஆர்செனிக் விஷயம்: எரித்ரைட் என்பது நீரேறிய கோபால்ட் ஆர்செனேட், ஆகவே ஆர்செனிக் அதன் உடம்பிலேயே இருக்கிறது. மூடிய கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதற்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. அறுப்பது, தேய்ப்பது, தூளை மூச்சில் இழுப்பது, இவைதான் ஆபத்து. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைக்கு எட்டாத உயரத்தில், முடிந்தால் பூட்டி வையுங்கள். ஊதும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெளியே போய் ஊதுங்கள்.

செந்தூரன்:
ரோஜாப் பக்கம் எனக்குக் கோபால்ட் கலந்த கால்சைட்டாக, அதாவது கால்சியம் கார்பனேட் கனிமமாகத் தெரிகிறது. பூ அஸரில் இரண்டுமே கிடைக்கின்றன, ஒரே கல்லில் இருப்பதில் வியப்பில்லை. பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பாருங்கள். சாய்ந்த பெட்டி போன்ற குட்டிக் குட்டி முகங்கள் தெரிந்தால் கால்சைட் பக்கம் சாய்கிறது. உறுதிப்படுத்த வேண்டுமானால், ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கும் ஒரு துணுக்கைத் தனியே எடுத்து ஒரு சொட்டு வினிகர் விட்டு லென்ஸில் பாருங்கள், மெதுவாகக் குமிழி வரும். கல்லின் மேலேயே அமிலம் விட்டுவிடாதீர்கள், எரித்ரைட் அமிலத்தில் கரையும், ஆர்செனிக்கும் அந்தக் கரைசலோடு வரும். சிலர் இந்த ரோஜாக் கால்சைட்டை ஸ்பீரோகோபால்டைட் என்று லேபிள் ஒட்டி விற்கிறார்கள். அது முழுக்கக் கோபால்ட் கார்பனேட், அரிதான சரக்கு. இதுவோ கால்சியத்தின் இடத்தில் கொஞ்சம் கோபால்ட் புகுந்த கால்சைட். அந்தக் கொஞ்சமே இவ்வளவு நிறம் தருகிறது.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோபால்ட் என்றாலே நீலம் என்று நினைப்போம், இந்தக் கல்லோ சிவக்கிறது. கோபால்ட் அயனியைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் இருந்தால் சிவப்பு, ரோஜா. நான்கு இருந்தால் நீலம். பழைய சிலிகா ஜெல் பொட்டலங்களில் நீல மணிகள் ஈரம் ஏறியதும் ரோஜா நிறமாகுமே, அதுவும் கோபால்ட்டின் வேலைதான். எரித்ரைட்டைச் சூடாக்கினால் இது திரும்பி நடக்கும், நீர் வெளியேறி நீலம் பாயும். அதனால் சூடான விளக்குக்கு அடியில் வைக்காதீர்கள்.

பாறைமகள்:
இந்தச் சிவப்பைத்தான் சுரங்கத் தொழிலாளர்கள் கோபால்ட் பூ என்றார்கள். ஸ்கட்டருடைட் போன்ற கோபால்ட் ஆர்செனைடு தாது காற்றும் நீரும் பட்டுச் சிதையும்போது மேலே பூக்கிறது. பெரும்பாலும் வெறும் ரோஜா மாவுப் படிவுதான். உங்களுடையதைப் போல விசிறியாகப் படிகம் கட்டியது வாய்ப்பது பெரிய விஷயம். கனடாவின் ஒன்டாரியோவில் 1903-இல் வெள்ளி கண்டுபிடித்த இடத்தில் இந்தப் பூவைப் பார்த்துப் பார்த்தே வெள்ளி ஓடும் நரம்புகளைத் தேடிப் போனார்கள், அந்த ஊருக்கே கோபால்ட் என்று பெயர் வந்தது. எரித்ரைட் என்ற பெயரை 1832-இல் வைத்தவர் பிரான்சின் கனிமவியலாளர் பேடான், கிரேக்கத்தில் சிவப்பு என்று பொருள்.

கல்பித்தன்:
மிக்க நன்றி. துணுக்கில் வினிகர் விட்டேன், சரம் சரமாகக் குமிழி வந்தது, ஆக அது கால்சைட்தான். ஆனால் இன்னொன்று கண்ணில் பட்டது. இருட்டில் யூவி டார்ச் அடித்துப் பார்த்தேன், பெரிய விசிறியின் அடியைச் சுற்றி மட்டும் நூல் மாதிரி வெளிர்நீலமாக ஒரு கோடு ஒளிர்கிறது. மற்ற விசிறிகளில் இல்லை.

செந்தூரன்:
பசை. எபாக்சி வகைப் பசைகள் பலவும் அப்படித்தான் ஒளிரும். படிகம் போலி என்று இதற்கு அர்த்தமில்லை. உடைந்து விழுந்த விசிறியை அதே இடத்தில் ஒட்டியிருக்கலாம், வேறு கல்லிலிருந்து எடுத்து ஒட்டியும் இருக்கலாம். லென்ஸில் அடியைப் பாருங்கள், படிகம் பாறைக்குள் இறங்கி வேர் விட்டது போல இருக்கிறதா, மேலே உட்கார்ந்த மாதிரி இருக்கிறதா? எப்படியானாலும் ஒட்டியது என்பதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒளிர்வைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிக் கேளுங்கள். கல்லை வைத்துக்கொள்வதாக இருந்தால், லேபிளில் எரித்ரைட், கோபால்ட் கலந்த கால்சைட், பூ அஸர், பெரிய விசிறி ஒட்டப்பட்டது என்று நீங்களே எழுதி வையுங்கள். பிற்பாடு அது யார் கைக்குப் போனாலும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கல்பித்தன்:
பார்த்துவிட்டேன், பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. இன்று இரவே அவருக்கு எழுதுகிறேன். சின்ன விசிறிகள் மூன்றும் பாறைக்குள்ளேதான் இறங்கியிருக்கின்றன, அவற்றுக்காகவே கல்லைத் திருப்பித் தர மனம் வரவில்லை.