தந்துகிக் குருதியா, குத்துத்துளியா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

விரல்நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்துக்குத் தாங்கள் முன்வைத்த ‘தந்துகிக் குருதி’ தமிழகப் பாடநூல் வழக்கோடு பொருந்துகிறது. ஆயினும் அந்தத் துளி தந்துகி எனும் மயிரிழை போன்ற ரத்தக்குழாயிலிருந்து மட்டும் வருவதில்லை. ஊசிமுனை நுண்தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிறு குழாய்), நுண்சிரை (இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பும் சிறு குழாய்), தந்துகி மூன்றையும் ஒருசேரக் கிழிப்பதால், அவற்றின் ரத்தமும் திசுக்களிடையே உள்ள நீரும் கலந்தே வெளிவருகின்றன. முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கும்பகோணத்துக்கு அருகே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் நான் இதை நாள்தோறும் காண்கிறேன். நடவுக் காலத்தில் வரும் பெண்களின் விரல்கள் பகல் முழுதும் சேற்றுநீரில் ஊறிக் குளிர்ந்திருக்கும். தோலும் காய்த்திருப்பதால் துளி எளிதில் திரளாது. அவசரப்பட்டுப் பிழிந்தால் திசுநீர் மிகுந்து மாதிரி நீர்த்துப்போகும், சிவப்பணுக்களும் உடையும். ஆகவே வெந்நீரில் நனைத்த துணியால் கையைச் சூடாக்கி, பொறுத்திருந்துதான் எடுக்கிறோம்.

அழற்சியை, அதாவது தொற்றுக்கோ காயத்துக்கோ உடல் காட்டும் எதிர்வினையை, அளக்க நாம் பெரிதும் நம்பும் சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன்), கல்லீரலில் உருவாகி ரத்தமெங்கும் பரவும் புரதம். அதன் அரைவாழ்வு, அதாவது ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 19 மணி நேரம். ஆதலால் ஒழுங்காக எடுத்த துளியிலும் சிரையில் எடுத்த ரத்தத்திலும் அதன் அளவு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 போன்ற புரதங்கள் காயம்பட்ட இடத்திலேயே சுரக்கக்கூடும் என்பதால், அவற்றுக்கு இதே உறுதியைத் தர இயலாது. துளியில் இருப்பது முழு ரத்தம், கூடத்தில் வழக்கமாக அளப்பது சீரம் (ரத்தம் உறைந்தபின் அணுக்கள் நீங்கிப் பிரியும் தெளிந்த நீர்) என்ற வேறுபாடும் உண்டு. சோகை உள்ளவருக்குச் சிவப்பணு விகிதத்தைக் கணக்கில் கொள்ளாமல் துளியின் அளவைச் சீரத்தின் அளவாக மாற்றினால், விடை உண்மையைவிடக் கூடுதலாக வரும்.

எனவே எடுக்கும் முறையையே பெயராக்கி, ‘குத்துத்துளி’ என்று முன்மொழிகிறேன். ‘விரல்துளி’ என்றால் பச்சிளங்குழந்தையின் குதிகாலில் எடுப்பது அதில் அடங்காது. வடிதாளில் உலர்த்தி அனுப்புவதை ‘உலர்துளி’ எனலாம். தமிழகத்தில் தந்துகி, ஈழத்தில் மயிர்த்துளைக்குழாய் என்று வழக்கு பிரிந்திருப்பதும் இச்சொல்லைத் தொடாது.

சிரையில் ஊசி செலுத்தி எடுக்கும் ரத்தத்துக்குச் ‘சிரைக் குருதி’யே இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் ‘நரம்புல எடுக்குற ரத்தம்’ என்றே சொல்கிறார்கள். மக்கள் வாயில் வாழும் அந்தச் சொல்லை விட எனக்கு மனமில்லை. எனினும் மருத்துவத் தமிழில் நரம்பு என்பது உணர்வைக் கடத்தும் இழைக்குப் பெயராக நிலைத்துவிட்டதால், பரிசோதனைப் படிவத்தில் அதை எழுதுவது பிழையாகும்.

‘குத்துத்துளி’யில் தகரம் அடுத்தடுத்து வருவது நாவுக்கு இடறுகிறதா என்பதைத் தாங்கள் சொல்லிப் பார்த்துத் தெரிவிக்க வேண்டுகிறேன்.