சிலந்தி செத்த பிறகும் புண் வளர்ந்தது: ரெக்லூஸ் கடி அனுபவங்கள்

பரண்வாசி
ரெக்லூஸ் என்பது மறைவிடங்களில் பதுங்கும் பழுப்பு நிற விஷச் சிலந்தி, கடித்த இடத்தில் சதை அழுகலாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ரொம்ப நாளாக மடித்து வைத்திருந்த சட்டையைப் போட்டதும் முன்கையில் லேசாகச் சுருக்கென்றது, உதறினால் நசுங்கிய சிலந்தி விழுந்தது, அவ்வளவுதான், வலிகூட இல்லை. ராத்திரிதான் எரிய ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் நடுவில் நீலம், சுற்றி வெளுத்த வளையம், அதற்கும் வெளியே சிவப்பு. பிறகு அந்த நீலம் கறுத்துப் பொருக்காகி, விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் பாருங்கள், அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. சிலந்தி எப்போதோ செத்துவிட்டது, அப்புறம் யார் என் சதையைத் தின்றது? டாக்டரைக் கேட்டேன். "உங்கள் வெள்ளை அணுக்கள்தான் பெரும்பாலும்" என்றார்.

சீரம்
டாக்டர் சொன்னது சரி. ரெக்லூஸ் விஷத்தின் முக்கிய நொதியோடு வேலை செய்திருக்கிறேன், அதன் பெயர் ஸ்பிங்கோமைலினேஸ் டி, இப்போது பாஸ்போலிபேஸ் டி என்கிறார்கள். கழுவிய சிவப்பணுக்களில் அதைச் சேர்த்து வைத்தோம், ஒன்றும் ஆகவில்லை, அணுக்கள் முழுசாக அடியில் படிந்தன. பிறகு மனித சீரம், அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர், சேர்த்து வைத்ததும் திரவம் முழுக்கச் சிவந்துவிட்டது. அணுக்களை உடைத்தது நம்முடைய காம்ப்ளிமென்ட் புரதங்கள், கிருமிகளைத் தாக்க ரத்தத்தில் இருப்பவை! நொதி செய்தது ஒரே வேலை: செல் சவ்வில் இருக்கும் ஸ்பிங்கோமைலின் என்ற கொழுப்பிலிருந்து கோலின் என்ற துண்டை வெட்டி எடுத்தது, அதற்கு மக்னீசியம் வேண்டும். மிச்சம் நிற்பது செராமைடு-1-பாஸ்பேட் என்றுதான் ரொம்ப காலம் சொன்னார்கள், 2013இல் அது வளைய பாஸ்பேட் என்று காட்டினார்கள். சவ்வு மாறியதும் செல்லின் சொந்தப் புரோட்டியேஸே, அதாவது புரதம் வெட்டும் நொதியே, மேலே இருக்கும் கிளைகோஃபோரின் என்ற புரதத்தை அறுத்துவிடும், காம்ப்ளிமென்டுக்கு வழி திறந்துவிடும். தோலில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து குவிவது அடுத்த கட்டம். முயல்களில் அவற்றை முன்கூட்டியே குறைத்துவிட்டால் புண் அந்த அளவுக்கு வருவதில்லை என்று 1970இலேயே பார்த்திருக்கிறார்கள்.

ஒருநிமிடம்
சீரம் சொல்வது எல்லாம் சரி, ஆனால் முதலில் அது சிலந்திதானா? என் அண்ணன் காலில் இப்படித்தான் கறுத்தது, எல்லோரும் சிலந்தி என்றார்கள், புண்ணிலிருந்து எடுத்து கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எம்ஆர்எஸ்ஏ வந்தது, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத பாக்டீரியா. அமெரிக்காவின் கான்சாஸில் ஒரே வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 ரெக்லூஸ் பிடித்து 2002இல் எழுதினார்கள், குடியிருந்த நான்கு பேருக்கும் கடித்த அடையாளமே இல்லை. ஆஸ்திரேலியாவில் வெள்ளைவால் சிலந்தியைத்தான் இத்தனை காலம் திட்டினார்கள், 2003இல் உறுதியான 130 கடிகளைப் பார்த்தால் ஒன்றில்கூட சதை அழுகவில்லை. ஆகவே கடித்ததைப் பிடித்து வையுங்கள், நசுங்கியிருந்தாலும் சரி. சூட்டு ஒத்தடம் வேண்டவே வேண்டாம், குளிரில்தான் இந்த நொதி மந்தமாகும், துணி சுற்றிய ஐஸ் வைத்துக் கையைத் தூக்கி வையுங்கள். உடனே அறுத்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், விளிம்பு நகர்வது நின்ற பிறகுதான் எவ்வளவு செத்தது என்றே தெரியும், பெரும்பாலானவை தானாகவே ஆறிவிடும். குழந்தையாக இருந்து, காய்ச்சலோடு சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள், ரத்த அணுக்கள் உடைகின்றன என்று அர்த்தம்.

பரண்வாசி
நண்பரே, சிலந்தியைப் புட்டியில் போட்டுத்தான் எடுத்துப்போனேன். லென்ஸில் பார்த்தார்கள், ஆறு கண், இரண்டிரண்டாக மூன்று ஜோடி, ரெக்லூஸின் அடையாளம். கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. சீரத்திடம் ஒரு கேள்வி: கறுப்பு மேல்பக்கம் போகாமல் மணிக்கட்டு பக்கமாகவே இறங்கியது, ஏன்?

சீரம்
அது விஷத்தில் இருக்கும் இன்னொரு நொதியான ஹயலுரோனிடேஸின் வேலை என்றுதான் சொல்வார்கள். செல்களுக்கு நடுவில் பசைபோல் இருக்கும் ஹயலுரோனிக் அமிலத்தை அது கரைத்துவிடும், விஷம் கனத்தோடு கீழே கசியும். முயல் தோலில் இரண்டு நொதியையும் சேர்த்துக் கொடுத்தபோது சிவப்பும் ரத்தக்கட்டும் இன்னும் அகலமாகப் பரவின. கையைத் தொங்கவிட்டுத் தூங்கினீர்களா?