கையில் பிடித்தே நறுக்க சின்னக் கத்தி: விரல் நோகாம எது?

ஆம்பூர் அடுப்படி:
பிரியாணிக் கடை. தினமும் 8 கிலோ கத்திரிக்காயை, காம்பு விட்டுப் போகாம, நாலா வகுந்து போடணும். இலவம்பாடி முள்ளுக் கத்திரி வந்தா காம்பு முள்ளையும் சீவணும். அரிவாள்மனை சரிவராது, நின்னுக்கிட்டே கையில வச்சு அறுக்கிற வேலை. இப்ப இருக்கிற கத்தியில அரை மணி நேரத்துல ஆள்காட்டி விரல் தடிச்சுடுது. எது வாங்கலாம்?

சாணைக்கல்:
விரலைத் தடிக்க வைக்கிறது கூர் இல்லீங்க, முதுகு. தகட்டுல வெட்டி எடுத்த கத்திக்கு முதுகோட ரெண்டு விளிம்பும் சதுரமா நிக்கும், விரல் அங்கதான் அமுங்குது. கூர் மேல டேப் சுத்திட்டு, 400 நம்பர் தண்ணி உப்புத்தாளை நீளப் பட்டையாக் கிழிச்சு, ஷூவுக்கு பாலிஷ் போடற மாதிரி முதுகு மேல இழுங்க. நகத்தை ஓட்டிப் பார்த்தா மாட்டக் கூடாது. பாதிப் பேருக்குப் புதுக் கத்தியே தேவைப்படாது.

வாங்கறதா இருந்தா அலகு 8 செ.மீ. போதும். 10 செ.மீ. ஆனா முனை காயைத் தாண்டி உள்ளங்கையைக் குத்தும். முதுகு 1.5 மி.மீ.க்கு மேல வேண்டாம். தடிச்ச கத்தி ஆப்பு மாதிரி இறங்கி, காம்போட சேர்த்துப் பிளந்துடும். முழு ஸ்டீல் பிடி பார்க்க அழகு, ஈரக் கையில வழுக்கும். விக்டோரினாக்ஸ் கம்பெனிக் கத்தி வாங்குங்க: பிளாஸ்டிக் பிடி, நேர் கூர், 8 செ.மீ. இந்த வேலைக்கு அதுக்கு மேல காசு போடறது வீண். ரம்பப்பல் வச்சது வேண்டாம், தோலை இழுக்கும்.

பாலாத்து மணல்:
காம்புத் தொப்பியைச் சுத்திச் சீவ கிளிமூக்கு மாதிரி உள்ளே வளைஞ்ச கத்தி சுகமா இருக்கும்.

சாணைக்கல்:
சீவ சரி. வகுக்க நேர் கத்திதான். அந்த வளைவைத் தட்டைக் கல்லுல தீட்டவும் முடியாது, கல்லோட விளிம்புலதான் தீட்டணும்.

ஆம்பூர் அடுப்படி:
பட்டறையில அடிச்ச இரும்புக் கத்தி கூர் நல்லா நிக்கும்னு சொல்றாங்களே?

கோட்டை அகழி:
நிக்கும். ஆனா கத்திரிக்காய்த் துவர்ப்பு பட்டா இரும்பு கறுக்கும், அறுத்த இடமும் சேர்ந்து கறுக்கும். ஸ்டெயின்லெஸ்ஸே வாங்குங்க. சீக்கிரம் மொண்ணையானாலும் சீக்கிரம் கூராயிடும். தெருவுல சாணை பிடிக்கிறவர்கிட்ட மட்டும் குடுக்காதீங்க. மெல்லிசு அலகு சக்கரத்துல சூடேறி நீலம் பாய்ஞ்சா, அந்த இடத்துல அப்புறம் கூர் தங்காது. 1000 கிரிட் கல்லை நனைச்சு, 2 செ.மீ. அகல அலகுக்கு முதுகை 5 மி.மீ. தூக்கிப் பிடிச்சா 15 டிகிரி சாய்வு வந்துடும். பக்கத்துக்கு ஏழெட்டு இழுப்பு. கத்திரித் தோல் மேல அழுத்தாம வச்சா, வழுக்காம இறங்கணும்.

முள்ளு சீவறப்ப காயோட அடிப்பக்கம் பிடிச்சு, கைக்கு எதிர்ப்பக்கமா, காம்பு நுனியைப் பார்த்துச் சீவுங்க. பிடியை ஒட்டின கூர்ல பண்ணா முனை மழுங்காது. வகுக்கும்போது காம்புக்கு 1 செ.மீ. முன்னாடியே நிறுத்திடணும், கட்டை விரல் அலகு வர்ற கோட்டுல இல்லாம விலகி இருக்கணும்.

ஆம்பூர் அடுப்படி:
பழைய கத்திக்கே உப்புத்தாள் போட்டுப் பார்க்கிறேன். பிடி ரிவெட் கொஞ்சம் தூக்கி நிக்குது, அதையும் தேய்க்கலாமா?

சாணைக்கல்:
தேய்க்கலாம். ஆனா ரிவெட் ஆடுதான்னு முதல்ல பாருங்க. ஆடினா உள்ளே தண்ணி இறங்கிட்டு இருக்கு, அந்தக் கத்தியைத் தூக்கிப் போட்டுடுங்க.