ஜிப்ஸியை மலையடிவாரப் பாதைக்குத் தயார் பண்ணணும்: வீட்டிலேயே எதை, எந்த வரிசையில் செய்யறது?

ஒடுகத்தூரான்:

வணக்கம். வண்டி 2009 மாருதி ஜிப்ஸி கிங் ஜீப், எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலைப் பீய்ச்சுற என்ஜின்), சாஃப்ட் டாப் (துணிக் கூரை). டயர் கம்பெனி அளவு, 205/70 ஆர்15. ஜவ்வாது மலை அடிவாரத்துல, ஒடுகத்தூர் தாண்டி நிலம் இருக்கு. தார் ரோட்டை விட்டு இறங்கினதும் ஒரு கானாறு. சுமார் 40 மீட்டர் அகலம், வருஷத்துல முக்கால்வாசி நாள் வெறும் மணல். அதைத் தாண்டினா அரை கிலோமீட்டர் டிராக்டர் தடம். நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் பள்ளம், அங்கங்க கருங்கல் துருத்திக்கிட்டு நிக்கும். பின்னால மூணு மூட்டை உரமோ, அதே எடைக்கு மாங்காயோ ஏறும். மத்த நாள்ல இதே வண்டியிலதான் வேலூர் டவுனுக்கும் போகணும்.

பட்டறையில ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேல மாத்தி 5 இன்ச் தூக்கிடலாம், 235 டயர் போட்டுக்கலாம்னு சொல்றாங்க. வீட்டுல டிராலி ஜாக்கி, நாலு ஸ்டாண்டு, டார்க் ரென்ச், டிரில் மெஷின் இருக்கு. வெல்டிங் மட்டும் வெளியில. எதை முதல்ல செய்யணும், எது வேண்டவே வேண்டாம்னு விவரமா சொல்லுங்க.

தடம்பார்:

ஜிப்ஸிக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒரே கட்டையான ஆக்ஸில். ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் ஏறுறது சேஸிஸும் பாடியும்தான். ஆக்ஸில்ல தொங்குற டிஃபரன்ஷியல் உருண்டை (ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிச்சுக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி) அதே உயரத்துலதான் நிக்கும். டிராக்டர் தடத்து நடுமேட்டுல முதல்ல இடிக்கிறதே அந்த உருண்டைதான். அதை உயர்த்தணும்னா டயரை மாத்தியே ஆகணும். அதனால முதல் செலவு டயருக்கு.

205/70 ஆர்15 டயரோட விட்டம் சுமார் 668 மி.மீ. 215/75 ஆர்15 போட்டா 703. வித்தியாசத்துல பாதி, 17-18 மி.மீ., உருண்டைக்கு அடியில கிடைக்கும். 235/75 ஆர்15னா விட்டம் 733, அடியில கூடுறது 33 மி.மீ. ஆனா 235/75 டயருக்குக் குறைஞ்சது 6 இன்ச் அகல ரிம் வேணும். உங்க ரிம்முல 5.5ஜேனு (5.5 இன்ச் அகலம்) குத்தியிருந்தா அதுல ஏத்தாதீங்க. சக்கரம் 10 சதவீதம் பெருசானா எல்லா கியரும் அந்த அளவுக்கு இழுவை குறையும். லோ ரேஞ்ச் (மெதுவா, அதிக இழுவையோட ஓட்டுற கியர் நிலை) விகிதமே 2.268தான். சுமையோட கல்லு மேல மெதுவா ஏறணும்னா கிளட்சைத் தேய்க்க வேண்டி வரும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது முன் ஆக்ஸில் முனையில இருக்கிற சி.வி. ஜாயிண்ட் (சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்துற மூட்டு) உடையறதும் பெரிய டயரோடதான் அதிகம்.

215/75ல ஆல் டெரெய்ன் (ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்) எடுங்க. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63ல போகும், அதை மட்டும் மனசுல வைங்க. மட் டெரெய்ன் (சேத்து டயர்) பட்டன் களிமண்ணுக்கு நல்லது, காஞ்ச மணல்ல தோண்டிக்கிட்டு உள்ள இறங்கும்.

காத்து விஷயம் டயர் அளவை விட முக்கியம். ரோட்டுல 26-28 பி.எஸ்.ஐ. வைங்க. கானாத்துல இறங்குறதுக்கு முன்ன நாலு டயரையும் 15க்குக் கொண்டு வாங்க. கல்லுத் தடத்துல சுமையோட போகும்போது பின் டயர் 20. 12க்குக் கீழ இறக்கினா டியூப்லெஸ் டயர் திரும்பும்போது ரிம்மை விட்டுக் கழண்டுக்கும். 12 வோல்ட் கம்ப்ரஸரை நேரா பேட்டரி முனையில மாட்டணும். சிகரெட் சாக்கெட்டுல மாட்டினா ஃபியூஸ் போகும். திரும்பத் தார் ரோடு ஏறினதும் அங்கயே நிறுத்திக் காத்து அடிச்சுட்டுத்தான் வேகம் எடுக்கணும்.

மணல்ல லோ ரேஞ்ச் ரெண்டாவது கியர், ஒரே சீரான மிதி. சக்கரம் சுத்த ஆரம்பிச்சா உடனே காலை எடுத்துடுங்க. நிறுத்தணும்னா பிரேக் அடிக்காம தானா நிக்க விடுங்க. பிரேக் போட்டா நாலு சக்கரத்துக்கு முன்னாலயும் மணல் குவியும், மறுபடி கிளம்ப அதுவே தடை.

லேத்பட்டறை:

தடம்பார் அண்ணன் சொன்ன டயர் கணக்கு சரி. ஆனா தம்பி, டயர் வாங்குறதுக்கு முன்ன வண்டியை ஸ்டாண்டுல ஏத்திட்டுக் கீழ படுத்துப் பாருங்க. 2009 வண்டி. சேஸிஸ் பெட்டி மாதிரி மூடின அமைப்பு, உள்ள சேறு தங்கித் துரு பிடிக்கும். ஷாக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோட இணைக்கிற, ஆடுற தகடு) மாட்டுற இடம், பாடி மவுண்ட் இடம் எல்லாம் சின்ன சுத்தியலால தட்டுங்க. "டங்"னு கேட்டா நல்ல இரும்பு, மொத்தையா கேட்டா அங்க வேலை இருக்கு. துரு இருக்கிற சேஸிஸ்ல லிஃப்ட் (வண்டியைத் தூக்குற வேலை) போடுறது ஆபத்து.

அடுத்து முன் சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா வீல் பேரிங்கா கிங்பின் (முன் சக்கரம் திரும்புற அச்சு) பேரிங்கான்னு பார்க்கணும். ஒரு ஆளை பிரேக் மிதிக்கச் சொல்லி ஆட்டுங்க. அப்பவும் ஆடினா கிங்பின். இதை விட்டுட்டுப் பெரிய டயர் போட்டா 50-60 வேகத்துல ஒரு பள்ளத்துல விழுந்ததும் ஸ்டியரிங் பயங்கரமா உதற ஆரம்பிக்கும். ஜிப்ஸியில டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கிற பெட்டி) கியர்பாக்ஸோட ஒட்டாம, தனியா மூணு ரப்பர் மவுண்ட்ல தொங்குது. ரப்பர் கிழிஞ்சிருந்தா லோ ரேஞ்ச்ல "டம் டம்"னு அடிக்கும், கியர் தானா வெளிய வரும். மூணையும் ஒண்ணா மாத்துங்க.

இப்ப லிஃப்ட். உங்க பாதைக்கு ஒன்றரை இன்ச், மிஞ்சினா 2 இன்ச். அதையும் புது லீஃப் (பட்டை ஸ்பிரிங்) செட்டால எடுக்கணும். நீளமான ஷாக்கிள் மட்டும் போட்டுத் தூக்காதீங்க. ஷாக்கிள் 2 இன்ச் நீளமானா வண்டி 1 இன்ச்தான் ஏறும், ஆனா கெடுதல் அதிகம். ஜிப்ஸிக்கு முன் ஸ்பிரிங்கோட ஷாக்கிள் முன் முனையில இருக்கு. அது நீளமானா ஆக்ஸில் முன்னால சாஞ்சு கேஸ்டர் (திரும்பு அச்சோட சாய்வு) குறையும். ஸ்டியரிங் நேரா நிக்காம அலையும், திருப்பினா தானா திரும்பி வராது. ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல 2-3 டிகிரி ஆப்பு வச்சுச் சரி பண்ணலாம், ஆனா அப்ப பினியன் (டிஃபரன்ஷியல்ல ஷாஃப்ட் மாட்டுற பல்சக்கரம்) கீழ பார்க்கும், கிராஸ் ஜாயிண்ட் (ஷாஃப்ட் முனையில இருக்கிற மூட்டு) கோணம் கூடி முன் ஷாஃப்ட் அதிரும். ஒண்ணைத் திருத்தினா இன்னொண்ணு கெடும்.

லீஃப் மாத்தும்போது ஒரு ஆக்ஸிலா செய்யுங்க. ஸ்டாண்டு சேஸிஸுக்கு அடியில, ஜாக்கி ஆக்ஸிலுக்கு அடியில. ஸ்பிரிங்கை ஆக்ஸிலோட கட்டுற யூ-போல்ட் பழசைத் திரும்பப் போடாதீங்க, அது ஒரு தடவை இழுபட்ட இரும்பு. சென்டர் போல்ட் தலை ஆக்ஸில் பேடு துளையில சரியா உட்கார்ந்திருக்கான்னு கண்ணால பார்த்துட்டு, நாலு நட்டையும் குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. புஷ் இருக்கிற கண் போல்ட்டை வண்டி தரையில நின்ன பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்கணும். தொங்கும்போதே இறுக்கினா ரப்பர் முறுக்கின நிலையிலயே பிடிச்சுக்கிட்டு சீக்கிரம் கிழியும். 100 கிலோமீட்டர்ல ஒரு தடவை, 500ல ஒரு தடவை யூ-போல்ட்டைத் திரும்ப இறுக்குங்க.

அப்புறம் ஆக்ஸிலை முழுசாத் தொங்கவிட்டு மூணு இடம் பாருங்க. பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது. ஷாக் அப்ஸார்பர் முழு நீளத்துக்குப் போய் ஆக்ஸிலைத் தாங்கிக்கிட்டு நிக்கக் கூடாது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டோட வழுக்குப் பல்லு குறைஞ்சது ஒரு இன்ச்சாவது உள்ள இருக்கணும். ஸ்டியரிங் வீல் கோணலா நிக்கும், டிராக் லிங்க்கை (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற கம்பி) திருகி நேராக்கிக்கலாம். பின் ஆக்ஸில்லேருந்து கம்பி வச்சு இயங்குற லோடு வால்வு இருந்தா அந்தக் கம்பியையும் சரிப்படுத்தணும். இல்லேன்னா வண்டி காலியா இருக்குன்னு நெனச்சு பின் பிரேக் அழுத்தத்தை அது குறைச்சுடும்.

மேட்டுப்பாதை:

ஸ்பிரிங்கை மேல மாத்துறதை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்க வேண்டாம். கம்பெனி அமைப்பில் ஸ்பிரிங் பிளேட்டும் யூ-போல்ட் முனையும் ஆக்ஸிலுக்கும் கீழே தொங்குகின்றன, கல்லில் மாட்டுவது பெரும்பாலும் அவைதான். மேலே மாற்றினால் அந்தத் தடையே போய்விடும், பழைய ஸ்பிரிங்கே போதும், சக்கரமும் நன்றாக மேலும் கீழும் இயங்கும். பாறை ஏறுவதற்கு இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

லேத்பட்டறை:

பாறை ஏறுற வண்டிக்கு நீங்க சொல்றது ஏத்துக்கிறேன் சார். இவருக்கு மூட்டை ஏத்தணும், டவுனுக்கும் போகணும். 5 இன்ச் தூக்கினா டிராக் லிங்க் செங்குத்தா இறங்கும், ஒவ்வொரு பள்ளத்துலயும் ஸ்டியரிங் தானா இழுக்கும். அதைச் சரி பண்ண வளைச்ச லிங்க் செய்யணும். பின் ஷாஃப்ட் நீளம் கூட்டணும், பினியன் கோணம் பார்த்துப் புதுப் பேடு வெல்டு பண்ணணும், ஹோஸ் மாத்தணும். கிளட்ச் விட்டதும் ஸ்பிரிங் எஸ் மாதிரி முறுக்கிக்கும், அதுக்கு ஒரு டார்க் ராடு. சக்கரத்துக்குச் சக்கரம் அகலம் 1,300 மி.மீ. இருக்கிற வண்டி இது. மாங்காய்க் கூடையோட சரிவுல பக்கவாட்டுல போகும்போது 5 இன்ச் உயரம் என்ன செய்யும்னு யோசிங்க. ஸ்பிரிங் பிளேட் இடிக்கிறதுக்கு, பிளேட்டுக்கு அடியில 6 மி.மீ. தகட்டை முன் பக்கம் மேல வளைச்சு யூ-போல்ட் நட்டுக்கு மறைப்பாப் போட்டா கல்லு வழுக்கிட்டுப் போயிடும்.

சட்டப்படி:

வேலையைத் தொடங்கும் முன் இதையும் கணக்கில் எடுங்கள். 2009 வண்டிக்கு 15 ஆண்டு 2024இல் முடிந்திருக்கும். ஆர்.சி. புதுப்பித்திருந்தாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ(4) சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்பக்க இரும்பு கார்டு கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. 5 அங்குல உயரமும் 235 டயரும் பார்த்தவுடன் தெரியும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகவே இருக்கும். திருப்பி மாட்டக்கூடிய மாற்றங்களை மட்டும் செய்யுங்கள், கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் நிலத்தைத் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி வண்டியை ஏற்றாதீர்கள்.

ஒடுகத்தூரான்:

அப்ப லிஃப்ட் கடைசி, 5 இன்ச் கிடையாது. புரிஞ்சுது. கானாத்துல தண்ணி வர்ற மாசத்துக்கு ஸ்நார்கல் (என்ஜினுக்கு உசரத்துலேருந்து காத்து எடுக்கிற குழாய்) வேணுமா? அடியில தகடு போடணும்னா எவ்வளவு கனம்? வின்ச் (மாட்டின வண்டியை இழுக்கிற கயிறு மோட்டார்) வாங்கலாமா?

தடம்பார்:

ஸ்நார்கல் வேண்டாம். சக்கர நடு வரைக்கும், அதாவது 35 செ.மீ. போலத் தண்ணின்னா இறங்கலாம். அதுக்கு மேல, அதுவும் ஓடுற தண்ணின்னா, வண்டியைக் கரையிலயே விட்டுடுங்க. மலை மேல பெஞ்ச மழை இங்க வெயில் அடிக்கும்போதே கானாத்துல வந்து இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில அக்கரையில வண்டியை ராத்திரி நிறுத்தாதீங்க.

அந்த 35 செ.மீ.க்கே ஒரு வேலை கட்டாயம், அது பிரீத்தர் (உள்ள இருக்கிற காத்து வந்து போற துளை). ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணியில இறங்கினதும் உள்ள இருக்கிற காத்து சுருங்கும், சீல் வழியாத் தண்ணியை உறிஞ்சும். ரெண்டு ஆக்ஸில் பிரீத்தர், டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸ் நாலுலேருந்தும் எரிபொருள் ஹோஸ் இழுத்து பானட்டுக்கு அடியில உசரமாக் கட்டுங்க. முனையில சின்ன ஃபில்டர். ஆக்ஸில் ஆடும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்க. தண்ணியில இறங்கின வாரம் ஆக்ஸில் ஆயில் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்க, பால் டீ நிறத்துல வந்தா முழுசா மாத்தணும். ஆக்ஸிலுக்கு ஜி.எல்-5 ரக கியர் ஆயில், 80டபிள்யூ-90. கியர்பாக்ஸுக்கு ஜி.எல்-4. ரெண்டையும் மாத்தி ஊத்தினா கியர்பாக்ஸ் உள்ள இருக்கிற பித்தளை சிங்க்ரோ வளையம் கெடும்.

முன் சக்கர ஹப் மேனுவலா (கையால லாக் போடுறதா) இருந்தா ரெண்டு பக்கமும் லாக் போட்டுட்டுத்தான் கானாத்துல இறங்கணும். தார் ரோட்டுல ஃபோர் வீல் டிரைவ்ல ஓட்டாதீங்க. நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது, திருப்பத்துல முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு இழுத்துக்கிட்டு ஷாஃப்ட் முறுக்கேறும்.

நம்ம ஊர்ல கல்லை விட சீமைக்கருவேல முள்ளுதான் டயருக்கு எமன். பஞ்சர் கிட்டுல பத்துப் பதினஞ்சு திரியாவது இருக்கணும். பக்கச் சுவர்ல ஏறின முள்ளுக்குத் திரி உதவாது, ஸ்டெப்னியும் அதே 215/75 அளவுல இருக்கணும்.

லேத்பட்டறை:

தகடு 5 மி.மீ. மைல்டு ஸ்டீல். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு அடியில 60க்கு 50 செ.மீ. போதும். எடை 12 கிலோவுக்குள்ளதான் வரும். முன் ஓரத்தை 30 டிகிரி மேல வளைங்க. ஆயில் போல்ட்டுக்கு நேரா ஒரு துளை, சேறு வழிய ரெண்டு மூணு 25 மி.மீ. துளை. சேஸிஸ்ல வெல்டு வைக்காம கிராஸ் மெம்பர்ல கிளாம்ப் போட்டு 8.8 கிரேடு போல்ட்டால மாட்டுங்க. சைலன்ஸர் குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவுல காஞ்ச புல் அடைச்சுக்கும். கோடையில அது தீப்பிடிக்கும், ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு எடுத்துடுங்க. எந்த வெல்டிங்கா இருந்தாலும் பேட்டரி ரெண்டு முனையையும் கழட்டி, இ.சி.யூ. (என்ஜினை இயக்குற கம்ப்யூட்டர்) சாக்கெட்டையும் பிடுங்கிட்டுத்தான் ராடு வைக்கணும்.

வின்ச்சுக்கு, சுமையோட வண்டி எடை மாதிரி ஒன்றரை மடங்கு கணக்கு. உங்களுக்கு 5,000-6,000 பவுண்டு போதும். ஆனா அது மூக்குல எடையை ஏத்தும், முழு இழுவையில நூத்துக்கணக்கான ஆம்பியர் குடிக்கும், பேட்டரியும் பெருசு வேணும். ஒரே பாதைக்குப் போற உங்களுக்கு 1.6 டன் கை வின்ச் மேல். முன்னாலயும் பின்னாலயும் சேஸிஸ்ல இழுக்குற கொக்கி முதல்ல போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது ரெண்டு எம்12 போல்ட், உள்ள தடிச்ச தகட்டுத் தாங்கலோட. கரையில இருக்கிற புளிய மரத்துல கட்டும்போது 75 மி.மீ. அகல பெல்ட்டுதான் சுத்தணும். கம்பிக் கயிறு பட்டையை அறுத்து மரத்தைச் சாகடிக்கும். கயிறு இறுகி இருக்கும்போது அது போற கோட்டுல யாரும் நிக்கக் கூடாது. நடுவுல ஒரு ஈரக் கோணியைப் போட்டுடுங்க.

கடைசியா ரேடியேட்டர். சித்திரை வெயில்ல லோ ரேஞ்ச்ல ஊரும்போது காத்தே போகாது. என்ஜின் பக்கத்துலேருந்து மெல்லிய அழுத்தத்துல தண்ணி அடிச்சு இதழ்ல இருக்கிற புழுதியை வெளிய தள்ளுங்க. போர் தண்ணி ஊத்தாதீங்க, உப்பு படிஞ்சு குழாய் அடைக்கும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. சூடேறுதுன்னு தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடச் சொன்னா ஒத்துக்காதீங்க. எம்.பி.எஃப்.ஐ. என்ஜினை அது எப்பவும் குளிராவே வச்சிருக்கும், பெட்ரோல் கூடுதலாக் குடிக்கும். சூட்டோட காரணம் அடைச்ச ரேடியேட்டரா, தளர்ந்த பெல்ட்டா, தேய்ஞ்ச பம்ப்பான்னு பார்த்து அதை மாத்துங்க.